கோட்டுக்குக் கீழே சிவப்பு

என் அத்தானைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லிஃப்ட்காரர், அவ்வளவுதான். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய அலுவலகக் கட்டிடம். அதன் லிஃப்டுக்குள் பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் அவர். தெருமுனையில் எதிர்ப்படுகிறவர்கள் "என்ன லிஃப்ட்டு, மேலயா கீழயா?" என்று கேட்பார்கள். "நமக்கு எப்பவும் நடுவுலதான்" என்பார். வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்ட மாதிரி சிரிப்பார். எனக்கெல்லாம் அது வராது. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவர் எனக்கு வைத்த பேரே பட்டாசு.

அக்கா அதே கட்டிடத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். மூடின பெட்டிக்குள் நின்றால் அவளுக்குத் தலை சுற்றும். அதனால் தினமும் படியேறித்தான் போவாள். லிஃப்டில் ஏறாத ஒருத்தியிடம் லிஃப்ட்காரர் எப்படிப் பேசுவது? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு இவரும் படியேறினார். "லிஃப்ட் ஓட்டுற ஆளு படியேறி மூச்சு வாங்கிட்டு வந்து நிக்குது. சரி, இதை நம்பலாம்னு தோணிடுச்சுடி" என்று அக்கா என்னிடம் சொன்னாள். என்ன குரல் அவளுக்கு! அவள் "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவன் ஒரு மணி நேரம் இருப்பான்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சாய்ந்தாள். பக்கவாதம். வலது பக்கம் மொத்தமும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கையும் கண்ணும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவங்களுக்குச் சூடு ஆகவே ஆகாது. உடம்பு கொதிச்சாலும் இவங்களால வாய் திறந்து சொல்ல முடியாது. தண்ணி வேணும்னுகூடக் கேக்க முடியாது. நீங்கதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொள்வது என்றால் எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது? அவர்கள் இருந்தது மொட்டை மாடியில் ஒற்றை அறை. மேலே தகரக் கூரை. மேற்குப் பார்த்த ஜன்னல். மத்தியானத்துக்கு மேல் அந்த அறைக்குள் நின்றால் ஃபேன் காற்றே அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருக்கும். கீழ்த்தளத்தில் ஒரு அறை சும்மாதான் கிடந்தது. சும்மா என்றால் வீட்டு ஓனர் ஒரு காலத்தில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்ட நாற்காலிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அத்தான் போய்க் கேட்டார். "தர்றேம்ப்பா, காலி பண்ணித் தர்றேன். நாற்காலியை எங்க போடறதுன்னுதான் பார்க்கிறேன்" என்றார் ஓனர். அடுத்த முறை கேட்டபோதும் நாற்காலியை எங்கே போடுவது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு தடவை போய் சத்தம் போட்டேன். "எனக்கும்தாம்மா வெயில் அடிக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மனுஷனா அவன்!

நான் ஊரின் அந்தக் கோடியில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறேன். வார விடுமுறையில் மட்டும்தான் வர முடியும். மற்ற நாட்களில் அத்தான் காலையில் எல்லாம் செய்து முடித்து, அக்காவுக்குத் தலைகூட வாரிவிட்டு வேலைக்குப் போவார். பகலில் பார்த்துக்கொண்டது தையல்காரம்மா. கீழே முற்றத்து ஓரத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். வயதானவர், வீங்கின முட்டிகள். மத்தியானம் ஏறிப்போய் அக்காவுக்குச் சாப்பாடு ஊட்டுவார். அதற்குப் பிறகும் ரெண்டு மூணு தரம் ஏறிப்போய் அவள் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால், பக்கத்தில் துணி தேய்க்கும் ஆட்களைக் கூப்பிடுவார். அவர்கள் அக்காவைப் பிரம்பு நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து மாடிப்படிக்கு அடியில் இறக்குவார்கள். அங்கே எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி மேலே.

எவ்வளவு நாளைக்கு முடியும்? ஒரு நாள் தையல்காரம்மா பாதிப் படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுததை அத்தான் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. அவருடைய லிஃப்டில் ஏசி. நாள் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே வெயிலா மழையா என்பதே ஏறுகிறவர்களின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். "நான் அங்க குளிர்ல நடுங்குறேன் பட்டாசு. அதே நேரம் அவ இங்க வேகுறாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாவைத் தினமும் சும்மா சும்மா ஏறவைக்கவும் மனசு வரல" என்றார்.

முதலில் கடையில் விற்கும் வெப்பமானியை வாங்கத்தான் போனார். கொக்கியில் வரிசையாகத் தொங்கினவற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணைக் காட்டியது. எல்லாம் ஒரே சுவர், ஒரே காற்று! "இதுல எதுங்க நிஜம்?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்குங்க" என்றானாம் கடைக்காரன். சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு வந்துவிட்டார். அதுவுமில்லாமல் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க யாராவது மாடிக்கு ஏறத்தானே வேண்டும்?

என் மகளின் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வீட்டுச் சாமான்களை வைத்து வெப்பமானி செய்வது பற்றி ஒரு பக்கம் இருந்தது. ஒரு பாட்டில், கொஞ்சம் நிறத் தண்ணீர், மூடி வழியாக ஒரு குழாய், வாயைச் சுற்றிக் காற்றுப் போகாமல் களிமண். உள்ளே இருக்கும் காற்று சூடானால் விரியும், தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளும். அத்தான் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அடுத்த வார விடுமுறையில் நான் போனபோது தரையில் கடை விரித்திருந்தார். பழரச பாட்டில் ஒன்று, சிவப்பு மை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிய டிரிப் குழாயைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார் போலிருக்கிறது, அதையும் வெட்டி வைத்திருந்தார்.

"இதையெல்லாமா எடுத்து வைப்பாங்க? வீட்டுக்கு ஆகுமா இது?" என்று கத்தினேன்.

"கத்தாத. இதைவிட மெல்லிசா, உள்ள இருக்கிறது தெரியற மாதிரி குழாய் வேற எங்க கிடைக்கும்?"

பாட்டிலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி மை கலந்தார். குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி, வாயைக் களிமண்ணால் அடைத்தார். வெளியே நீட்டியிருந்த குழாயை ஒரு வெள்ளை அட்டையில் நிமிர்த்திக் கட்டினார். பிறகு பாட்டிலை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சிவப்பு மெதுவாக மேலே ஏறியது. கட்டிலில் இருந்த அக்கா இடது கை விரலைத் தூக்கினாள். சிவப்பு ஏற ஏற விரலும் ஏறியது. கைகளை எடுத்ததும் சிவப்பு இறங்கியது, விரலும் இறங்கியது. அக்கா சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனாலும் சிரிப்புதான். விழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

களிமண் ரெண்டே நாளில் காய்ந்து வெடித்துவிட்டது. காற்று கசிந்தால் சிவப்பு ஏறாது. அத்தான் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, கரண்ட் போனால் ஏற்றுவதற்கு வைத்திருந்த மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. வெடிப்பில்லை, கசிவில்லை. ஊதிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். "பார்த்தியா, புஸ்தகத்துக்காரனுக்கே இது தோணல" என்று என்னிடம் பெருமை வேறு. தோணாமலா விட்டிருப்பான்.

கோடு போட்டதைச் சொல்ல வேண்டும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் முழுக்க அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கழுத்தில் கை வைத்தபடி பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு லேசாக மாறின அந்த நேரத்தில் சிவப்பு எங்கே நின்றதோ, அங்கே அட்டையில் கட்டையாக ஒரு கறுப்புக் கோடு போட்டார். உடனே அவளைக் கீழே தூக்கிப்போனோம். "கடையில விக்கிறது எல்லாம் நம்பரைக் காட்டும். இது உங்க அக்காவைக் காட்டும்" என்றார். பிறகு அவளிடம் குனிந்து, "இங்க பாரும்மா, இனிமே இதுதான் உன் வாய். நீ சொல்ல வேண்டியதை இது சொல்லும், என்ன?" என்றார். அக்கா விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அங்கே வைத்தால்தான் முற்றத்திலிருந்து தெரியும். தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்க வேண்டாம், தலையைத் தூக்கினால் போதும். வெள்ளை அட்டையில் சிவப்பு பளிச்சென்று தெரியும். கோட்டைத் தாண்டினால் தேய்க்கிற ஆட்களுக்கு ஒரு குரல். தாண்டாவிட்டால் முட்டிக்கு ஓய்வு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு தரம் ஏறினால் போதும். அந்தம்மாவின் முட்டியை நினைத்துத்தான் அவர் அதைச் செய்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ண?

நன்றாகத்தான் வேலை செய்தது. சிவப்பு கோட்டைத் தாண்டிய நாட்களில் அக்கா கீழே வந்தாள். தேய்க்கிற ஆட்கள் "மகாராணி இறங்குறாங்க, வழி விடுங்க" என்று கேலி பண்ணிக்கொண்டே தூக்கி வருவார்கள். அத்தான் ஒரு நாள் ஓனரையே கூப்பிட்டுக் காட்டினார். மாடியில் பாட்டிலை வைத்து ஒரு அடையாளம், கீழே நாற்காலி அறை வாசலில் வைத்து ஒரு அடையாளம். ரெண்டுக்கும் நடுவில் ஒரு சாண். "பாருங்க சார், இவ்வளவு வித்தியாசம். அவ உயிரு சார் இது." ஓனர் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கியேப்பா! என் பேரனுக்கும் ஒண்ணு செஞ்சு குடு" என்றார். அத்தான் செய்தும் கொடுத்தார். நானாக இருந்தால் அதை அவர் தலையிலேயே போட்டு உடைத்திருப்பேன்.

பிறகு அந்த நாள் வந்தது.

அந்த வருஷத்து வெயிலில் அதுதான் உச்சம். கேன்டீனில் எங்களோடு வேலை பார்க்கும் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அத்தான் வழக்கம்போல ஸ்வெட்டரோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆள் லிஃப்டில் ஏறினார். சட்டை பிழிந்து எடுத்த மாதிரி நனைந்திருந்தது. "வெளிய மனுஷன் நடமாட முடியாதுங்க. நெருப்பு" என்றார். அத்தான் அந்த ஆளை இறக்கிவிட்டு, உடனே தையல்காரம்மாவுக்கு போன் போட்டார்.

"அம்மா, பாட்டிலைப் பாருங்களேன்."

"இரு தம்பி." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முற்றத்துக்கு வந்து நின்று பார்த்திருக்கிறார். "கீழதான் தம்பி இருக்கு. கோட்டுக்கு ரொம்பக் கீழ. மத்தியானம் இருந்ததைவிட இறங்கிடுச்சு. மேல காத்து அடிக்குது போல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"என் கண்ணு நல்லாத்தான் தம்பி இருக்கு, முட்டிதான் போச்சு" என்று அந்தம்மா சிரித்திருக்கிறார். இவரும் சிரித்திருக்கிறார். அப்படியே போய் முக்காலியில் உட்கார்ந்து, மேலே போகிறவர்களை மேலே கொண்டுபோய், கீழே வருகிறவர்களைக் கீழே கொண்டுவந்து, அந்தச் சாயங்காலம் வரைக்கும் நிம்மதியாக இருந்திருக்கிறார். அந்த நிம்மதியை இன்றைக்கும் அவரால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது அக்கா போய்ச் சேர்ந்திருந்தாள். உடம்பு இன்னும் சுட்டது என்றார். போனதற்குப் பிறகும் சுட்டது என்றார்.

நான் போய்ச் சேரும்போது தையல்காரம்மா முற்றத்தில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் வேர்த்து ஊத்துச்சும்மா. கெழவிக்கு வேர்க்குதுன்னு நெனச்சேன். நான் ஏறிப் போய் ஒரு தரம் தொட்டுப் பார்த்திருக்கணும். கையாலதானே பார்த்துட்டிருந்தேன் இத்தனை நாளா! பாட்டிலை நம்பிட்டேனே!" என்று கதறினார். அத்தான் கீழே இறங்கி வந்து அந்தம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பார்த்தது சரிதாம்மா. சிவப்பு கீழதான் இருந்துச்சு. உங்க மேல ஒண்ணுமில்ல" என்றார். அழவில்லை. அவர் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாட்டிலை என்னிடம் காட்டினார். மேற்கு ஜன்னல், மேலே தகரம். வெயில் இறங்கி நேராகப் பாட்டில்மேல் விழுந்திருக்கிறது. மெழுகு இளகிக் கழுத்து வழியாக ஒழுகி, சாயங்காலம் மறுபடி உறைந்து கிடந்தது. அடைப்பு விட்டதும் உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது. தள்ளுவதற்குக் காற்று இல்லை. சிவப்பு இறங்கிவிட்டது. அறை கொதிக்கக் கொதிக்க அது இறங்கியிருக்கிறது.

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. அக்கா படுத்திருந்த இடத்திலிருந்து அந்த ஜன்னல் நேராகத் தெரியும். சிவப்பு ஏறினால் ஆட்கள் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே எரிய எரிய, அது கோட்டை விட்டு இறங்கிப் போனதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பாள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எனக்கு முன்னாலேயே அவர் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து, தெருவிலிருந்து, அவளுடைய பழைய அலுவலகத்திலிருந்து. நிற்கக்கூட இடமில்லை. ஓனர் தன் மகனைக் கூப்பிட்டு, "அந்த நாற்காலியை எல்லாம் எடுத்து வெளிய போடுடா, வந்தவங்க உக்காரணும்ல" என்றார். தேய்க்கிற ஆட்களும் கை கொடுத்தார்கள். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த நாற்காலிகள் முற்றத்துக்கும் தெருவுக்கும் போயின. டீ கொதித்து இறங்குவதற்குள் அந்த அறை காலியாகிவிட்டது. எவ்வளவு சுலபமாக! அக்காவை மாடியிலிருந்து இறக்கி அந்த அறையில்தான் கிடத்தினோம்.

அத்தான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"தரை ஜில்லுன்னு இருக்கு பட்டாசு. தொட்டுப் பாரு" என்றார்.

நான் எழுந்து வெளியே போய், ஒரு நாற்காலியைத் தூக்கி ஓனரின் கதவில் அடித்தேன். ரெண்டு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். அடித்து என்ன ஆகப்போகிறது? நாற்காலிக் கால் ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.

காரியங்கள் எல்லாம் முடிந்ததும் ஓனர் தானே வந்து, "கீழ் ரூமை எடுத்துக்கப்பா, காலியாத்தானே இருக்கு" என்றார். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். மாடியில்தான் இருக்கிறார். வேலைக்குப் போகிறார். "மேலயா கீழயா" என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. விடுமுறை நாளில் அக்காவின் கட்டிலில் படுத்துக்கிடக்கிறார். ஃபேன்கூடப் போடுவதில்லை. பாட்டிலை உடைத்தெறிய நான் எடுத்தபோது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். குழாய் ரிப்பேர் செய்பவர்கள் பூசுகிற, கல்லாக இறுகும் பசையை வாங்கிவந்து வாயை அடைத்து, அதே ஜன்னலில், அதே அட்டையோடு வைத்திருக்கிறார்.

போன வாரம் நான் போனபோது மத்தியானத்துக்கு மேலாகிவிட்டது. முற்றத்தில் கால் வைக்கும்போதே தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு மேலே கையைக் காட்டினார். "கோட்டைத் தாண்டிடுச்சு பாரு. நான் கூப்பிட்டா வரமாட்டேங்குது அந்தத் தம்பி. நீ கூப்பிடு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு கறுப்புக் கோட்டைத் தாண்டி ரொம்ப மேலே நின்றது.

"அத்தான்!" என்று கத்தினேன். "கோட்டைத் தாண்டிடுச்சு! கீழ இறங்கி வாங்க!"

மறுபடி தொண்டை கிழியக் கத்தினேன். தேய்க்கிற ஆட்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில் ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது பட்டாசு" என்றார். "இப்ப சரியாத்தான் காட்டுது."